மைன்கிராஃப்ட் ஃபோல்டரை டி டிரைவுக்கு மாற்றுவது எப்படி?

‘திஸ் பிசி’யைத் திறந்தால் சி டிரைவின் பட்டை சிவந்து கிடக்கிறது. பக்கத்திலேயே டி டிரைவ் பாதிக்கு மேல் காலி. சின்ன எஸ்எஸ்டியில் விண்டோஸ், பெரிய ஹார்ட் டிஸ்க்கில் மற்றதெல்லாம் என்று அமைத்த கணினிகளில் இது வழக்கமான காட்சிதான். மைன்கிராஃப்ட் ஜாவா எடிஷன் இந்தச் சிவப்புக்குத் தன் பங்கைத் தவறாமல் சேர்க்கும். லாஞ்சரை எங்கே நிறுவினாலும், விளையாட்டின் தரவு நேராக சி டிரைவில் உள்ள உங்கள் யூசர் ஃபோல்டருக்குள்தான் போய் உட்காரும்.

அதை டி டிரைவுக்குக் கொண்டுபோக இரண்டு வழிகள் உண்டு. லாஞ்சரிலேயே இருக்கும் ஓர் அமைப்பை மாற்றுவது ஒன்று. முழு ஃபோல்டரையும் நகர்த்திவிட்டு, பழைய இடத்தில் விண்டோஸின் இணைப்பு ஒன்றை வைப்பது மற்றொன்று. புதிதாகச் செய்கிறவர்களுக்கு முதல் வழியே போதும் என்பது என் கருத்து. காரணம் போகப் போகப் புரியும்.

இங்கே சொல்வது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும், ஜாவா எடிஷனுக்கும் மட்டும். லாஞ்சரின் இடப்பக்கத்தில் ‘மைன்கிராஃப்ட்: ஜாவா எடிஷன்’, ‘மைன்கிராஃப்ட் ஃபார் விண்டோஸ்’ என்று இரண்டு இருக்கும். இரண்டாவதுதான் பெட்ராக். அது தன் உலகங்களை வேறு இடத்தில், வேறு வடிவத்தில் வைக்கிறது. நீங்கள் விளையாடுவது அதுதான் என்றால் கீழே உள்ள எதையும் செய்ய வேண்டாம்.

முதலில் ஃபோல்டரைக் கண்டுபிடியுங்கள்

விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ‘ரன்’ பெட்டி வரும். அதில் ஒரு சதவீதக் குறி, பிறகு ‘ஆப்டேட்டா’ என்பதை ஆங்கிலத்தில், பிறகு இன்னொரு சதவீதக் குறி. நடுவில் இடைவெளி விடக்கூடாது. என்டர் தட்டியதும் ‘ரோமிங்’ என்ற ஃபோல்டர் திறக்கும். அதற்குள் முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு புள்ளியோடு ‘மைன்கிராஃப்ட்’ இருக்கும். அந்தப் புள்ளியும் பெயரின் ஒரு பகுதிதான். பின்னால் தேவைப்படும், நினைவில் இருக்கட்டும்.

யூசர் ஃபோல்டர் வழியாகப் போய்த் தேடினால் ஆப்டேட்டா கண்ணில் படாது, ஏனென்றால் விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கிறது. அப்படிப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் ‘ஹிட்டன் ஐட்டம்ஸ்’ என்பதை இயக்குங்கள். ரன் பெட்டி வழி இதைவிடச் சுலபம்.

உள்ளே என்ன இருக்கிறது?

இங்கே கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள். எதைத் தொடலாம், எதைத் தொட்டால் வம்பு என்பது இந்த ஃபோல்டரைப் பார்த்தால்தான் தெரியும்.

‘வெர்ஷன்ஸ்’, ‘லைப்ரரீஸ்’, ‘அசெட்ஸ்’ என்ற மூன்று ஃபோல்டர்களும் லாஞ்சர் தானே இறக்கிக்கொண்டவை. அழிந்தாலும் இணையம் இருந்தால் பெரும்பாலும் மறுபடி இறக்கிவிடும். அசெட்ஸுக்குள் ‘ஆப்ஜெக்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். திறந்து பார்த்தால் இரண்டெழுத்துப் பெயரில் நூற்றுக்கணக்கில் ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் நீளமான, அர்த்தமே இல்லாதது போன்ற பெயர்களில் குட்டிக் குட்டி ஃபைல்கள். விளையாட்டின் ஒலிகள், மொழி ஃபைல்கள் எல்லாம் இப்படித்தான் கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் என்பதால், மொத்த அளவு பெரிதாக இல்லாவிட்டாலும் காப்பி ஆக நேரம் பிடிக்கும். பட்டை நகராமல் நிற்பது போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம்.

விலைமதிப்பில்லாதது ‘சேவ்ஸ்’. உங்கள் உலகங்கள் இதற்குள்தான் இருக்கின்றன, ஓர் உலகத்துக்கு ஒரு ஃபோல்டர். அதில் ‘லெவல் டாட்’ என்ற ஃபைல் அந்த உலகத்தின் பெயர், விளையாட்டு முறை போன்ற அடிப்படைத் தகவல்களை வைத்திருக்கும். நிலப்பரப்பு முழுவதும் ‘ரீஜன்’ என்ற பெயர் கொண்ட ஃபோல்டர்களில், எம்சிஏ என்று முடியும் ஃபைல்களாக இருக்கும். அப்படி ஒரு ஃபைல் 512 பிளாக் நீளம், 512 பிளாக் அகலம் உள்ள நிலத்தைத் தாங்குகிறது. ஓர் உலகம் ஏன் வீங்குகிறது என்பதற்கான விடையும் இதில்தான் இருக்கிறது. எவ்வளவு பெரிய கோட்டை கட்டினீர்கள் என்பது பெரிய விஷயமே இல்லை, எவ்வளவு தூரம் சுற்றினீர்கள் என்பதுதான் கணக்கு. எலைட்ரா மாட்டிக்கொண்டு பறந்துகொண்டே இருந்தால், கீழே பார்த்த நிலமெல்லாம் உருவாகி டிஸ்க்கில் ஏறிக்கொண்டே இருக்கும். லாஞ்சரால் இதை மறுபடி இறக்கித் தர முடியாது. இந்த உலகங்கள் இருப்பது உங்கள் டிஸ்க்கில் மட்டும்தான்.

இவை தவிர ‘ஸ்கிரீன்ஷாட்ஸ்’, ‘ரிசோர்ஸ்பேக்ஸ்’, மாட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் நிரல்) போடுகிறவர்களுக்கு ‘மாட்ஸ்’, ‘கான்ஃபிக்’, ‘ஷேடர்பேக்ஸ்’. வெளியே தனியாக இரண்டு சின்ன ஃபைல்கள்: ‘ஆப்ஷன்ஸ்’ என்ற டெக்ஸ்ட் ஃபைலில் உங்கள் கீ அமைப்பும் ஒலி, காட்சி அமைப்புகளும், ‘சர்வர்ஸ்’ என்ற டாட் ஃபைலில் நீங்கள் சேர்த்து வைத்த சர்வர் பட்டியலும் இருக்கும். அளவில் ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

‘பேக்கப்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். விளையாட்டுக்குள் ‘மேக் பேக்கப்’ அழுத்தும்போதெல்லாம் முழு உலகமும் ஒரு ஜிப் ஃபைலாக இங்கே வந்து சேரும். சில பேருக்கு இதிலேயே பல ஜிபி கிடக்கும். பழைய ஜிப்களை டி டிரைவுக்கு எடுத்துப் போட்டாலே சிவப்புப் பட்டை நீலமாகிவிடுவதும் உண்டு. அப்படி ஆகிவிட்டால் மீதிக் கட்டுரை உங்களுக்குத் தேவையில்லை.

தொடங்கும் முன்

விளையாட்டையும் லாஞ்சரையும் முழுமையாக மூடுங்கள். உலகம் திறந்திருக்கும்போது அதன் ஃபைல்களைக் காப்பி செய்தால், பாதி எழுதிய நிலையில் ஒரு நகல் கிடைக்கும். பார்க்கச் சரியாக இருக்கும், திறக்கும்போது நிலத்தில் சதுரம் சதுரமாக ஓட்டை தெரியும். சந்தேகமாக இருந்தால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜாவா என்ற பெயரில் ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, டி டிரைவில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். ‘கேம்ஸ்’, அதற்குள் ‘மைன்கிராஃப்ட்’ என்று வைத்தால் போதும். பெயர்களை ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பாதையில் தமிழ் எழுத்தோ இடைவெளியோ இருந்தால் சில மாட்கள் தடுமாறும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்றவை ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள் மட்டும் வைக்க வேண்டாம். விளையாட்டு ஒரு ஃபைலில் எழுதும் அதே நேரத்தில் அவை அதை மேலே ஏற்றப் பார்க்கும். அந்த இழுபறியில் அடி வாங்குவது உங்கள் உலகம்தான்.

எந்த வழியில் போனாலும் கட் செய்து பேஸ்ட் செய்ய வேண்டாம். காப்பி செய்யுங்கள். கட் செய்து போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் கரண்ட் போனால் கொஞ்சம் இங்கே, கொஞ்சம் அங்கே என்று சிதறிக் கிடக்கும். எது வந்தது, எது வரவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. காப்பி என்றால் மூலம் அப்படியே இருக்கும், திரும்பச் செய்தால் முடிந்தது.

வழி ஒன்று: லாஞ்சரிடமே சொல்லிவிடுவது

பழைய ஃபோல்டரிலிருந்து சேவ்ஸ், ஸ்கிரீன்ஷாட்ஸ், ரிசோர்ஸ்பேக்ஸ், ஆப்ஷன்ஸ் ஃபைல், சர்வர்ஸ் ஃபைல் ஆகியவற்றை டி டிரைவில் உருவாக்கிய புதிய ஃபோல்டருக்குக் காப்பி செய்யுங்கள். மாட் இருந்தால் மாட்ஸ், கான்ஃபிக், ஷேடர்பேக்ஸும் கூட. பேக்கப்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக்கொள்ளலாம். வெர்ஷன்ஸ், லைப்ரரீஸ், அசெட்ஸ் மூன்றையும் விட்டுவிடுங்கள்.

காப்பி முடிந்ததும் இரண்டு சேவ்ஸ் ஃபோல்டர்களிலும் ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ஃபைல் எண்ணிக்கையும் ‘சைஸ்’ என்ற வரியும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குக் கீழே ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்று இன்னொரு வரி இருக்கும். டிரைவுக்கு டிரைவ் அது மாறலாம், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இப்போது லாஞ்சரைத் திறந்து, ஜாவா எடிஷனில் ‘இன்ஸ்டலேஷன்ஸ்’ பகுதிக்குப் போய் ‘நியூ இன்ஸ்டலேஷன்’ அழுத்துங்கள். பெயர் எதுவாகவும் இருக்கலாம், ‘டி டிரைவ்’ என்றே வைத்தால் பிறகு குழப்பம் வராது. வெர்ஷன் தேர்வில் கவனம் தேவை. இதுவரை எந்தப் பதிப்பில் விளையாடினீர்களோ அதையே தேர்ந்தெடுங்கள். புதிய பதிப்பில் ஒருமுறை திறந்த உலகத்தைப் பழைய பதிப்புக்குத் திருப்பிக் கொண்டுவருவது ஆபத்து, விளையாட்டே எச்சரிக்கும். அதற்குக் கீழே ‘கேம் டைரக்டரி’ என்ற பெட்டி. பக்கத்திலுள்ள ‘பிரௌஸ்’ அழுத்தி டி டிரைவில் உள்ள அந்த மைன்கிராஃப்ட் ஃபோல்டரைக் காட்டுங்கள். அதற்குள் இருக்கும் சேவ்ஸைக் காட்டிவிடாதீர்கள். காட்டினால் விளையாட்டு சேவ்ஸுக்குள் இன்னொரு சேவ்ஸ் உருவாக்கி, உலகமே இல்லை என்று சொல்லும். சேமித்துவிட்டு, ‘பிளே’ பக்கத்தில் இந்தப் புதிய இன்ஸ்டலேஷனைத் தேர்ந்து விளையாட்டைத் தொடங்குங்கள்.

‘சிங்கிள்பிளேயர்’ அழுத்தினால் உங்கள் உலகங்கள் வரிசையாகத் தெரிய வேண்டும். தெரிந்தாலும் அத்தோடு நம்பிவிட வேண்டாம். ஓர் உலகத்துக்குள் போய் ஒரு டார்ச் நட்டுவிட்டு, ‘சேவ் அண்ட் குவிட்’ செய்து வெளியே வாருங்கள். டி டிரைவில் அந்த உலகத்தின் ஃபோல்டரைத் திறந்து லெவல் டாட் ஃபைலின் ‘டேட் மாடிஃபைட்’ நேரத்தைப் பாருங்கள். சற்று முன் வெளியே வந்த நேரம் இருந்தால் விளையாட்டு இங்கேதான் எழுதுகிறது என்று உறுதி. பழைய நேரமே இருந்தால் அது இன்னும் சி டிரைவில்தான் எழுதிக்கொண்டிருக்கிறது, கேம் டைரக்டரியைத் திரும்பப் பாருங்கள்.

இந்த அமைப்பு ஒவ்வோர் இன்ஸ்டலேஷனுக்கும் தனித்தனி. இதைத் தெரிந்துகொள்ளாததால்தான் பலர் பதறுகிறார்கள். ஒரு வாரம் கழித்து வீட்டில் தம்பியோ தங்கையோ பழைய ‘லேட்டஸ்ட் ரிலீஸ்’ இன்ஸ்டலேஷனைத் தேர்ந்து பிளே அழுத்துவார்கள், சி டிரைவில் சேவ்ஸை அழித்திருந்தால் ஓர் உலகம்கூடத் தெரியாது, “அண்ணா, எல்லாம் போச்சு” என்று வீடே அதிரும். எதுவும் போகவில்லை, வேறு ஃபோல்டரைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். மாட்களை ஓட்ட உதவும் ஃபேப்ரிக், ஃபோர்ஜ் போன்றவை தங்களுக்கென்று தனி இன்ஸ்டலேஷன் உருவாக்கிக்கொள்ளும். அவற்றையும் ‘எடிட்’ செய்து அதே கேம் டைரக்டரியைக் கொடுக்க வேண்டும்.

இந்த வழியை நான் முதலில் சொல்வதற்கு இடம் மட்டும் காரணம் இல்லை. விளையாட்டின் சொந்த ஃபைல்கள் வேகமான எஸ்எஸ்டியிலேயே இருக்கும், பெருத்துக்கொண்டே போகும் உலகங்கள் மட்டும் ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். வேகமாகப் பறக்கும்போது நிலம் கொஞ்சம் தாமதமாகத் திறக்கலாம். சாதாரணமாக விளையாடும்போது வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

வழி இரண்டு: முழு ஃபோல்டரையும் நகர்த்துவது

மாட்பேக் நிறைய வைத்திருப்பவர்கள், பத்துப் பதினைந்து பதிப்புகளை இறக்கி வைத்திருப்பவர்கள், ஒவ்வோர் இன்ஸ்டலேஷனையும் திருத்த அலுப்பாக இருப்பவர்களுக்கு இது. விண்டோஸில் ‘ஜங்ஷன்’ என்று ஒன்று உண்டு. பழைய முகவரிக்கு வரும் கடிதத்தை அஞ்சலகமே புது வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது போல, சி டிரைவில் அந்தப் பெயரைத் தேடி வரும் எந்த நிரலையும் அது டி டிரைவுக்கு அனுப்பிவிடும். வந்த நிரலுக்கு வித்தியாசமே தெரியாது. டெஸ்க்டாப்பில் வைக்கிற சாதாரண ஷார்ட்கட் இந்த வேலையைச் செய்யாது. அது நாம் கிளிக் செய்வதற்கானது, விளையாட்டுக்கு அது வெறும் ஒரு சின்ன ஃபைல்தான்.

புள்ளி மைன்கிராஃப்ட் ஃபோல்டரை முழுதாக டி டிரைவின் கேம்ஸ் ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். முன்பு சொன்னபடி அளவைச் சரிபாருங்கள். பிறகு சி டிரைவில் உள்ள மூல ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள், கடைசியில் ‘ஓல்ட்’ என்று சேர்த்தால் போதும். அழிக்க வேண்டாம். பெயர் மாற மறுத்து, ‘வேறு நிரலில் திறந்திருக்கிறது’ என்று விண்டோஸ் சொன்னால் லாஞ்சர் இன்னும் பின்னால் ஓடுகிறது என்று பொருள்.

இப்போது ரோமிங் ஃபோல்டரில் இருந்தபடியே மேலே முகவரிப் பட்டையில் கிளிக் செய்து, அங்கிருக்கும் பாதையை அழித்துவிட்டு, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் அழுத்துங்கள். கறுப்புச் சாளரம் ஒன்று நேராக இந்த ஃபோல்டரிலேயே திறக்கும். ஸ்டார்ட் மெனுவிலிருந்து பவர்ஷெல்லைத் திறந்தால் கீழே உள்ள கட்டளை அங்கே வேலை செய்யாது. அதனால்தான் இந்தச் சுற்று வழி.

சாளரத்தில் முதலில் எம், கே, எல், ஐ, என், கே என்ற ஆறு எழுத்துகளையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். ஓர் இடைவெளி. பிறகு வலப்பக்கம் சாய்ந்த கோடும் அதை ஒட்டியே ஜே என்ற எழுத்தும். ஓர் இடைவெளி. பிறகு ஃபோல்டரின் பழைய பெயர், முன்னால் புள்ளியோடு. இன்னோர் இடைவெளி. கடைசியில் டி டிரைவின் முழுப் பாதை வேண்டும். அதைத் தட்ட வேண்டியதில்லை. எக்ஸ்ப்ளோரரில் டி டிரைவைத் திறந்து, அங்கே காப்பி ஆகியிருக்கும் புள்ளி மைன்கிராஃப்ட் ஃபோல்டரை மவுஸால் இழுத்துக் கறுப்புச் சாளரத்தின் மேல் விடுங்கள். பாதை தானே வந்து விழும். என்டர்.

‘ஜங்ஷன் கிரியேட்டட்’ என்று ஒரு வரி வந்தால் வேலை முடிந்தது. ரோமிங் ஃபோல்டரில் மூலையில் சின்ன அம்புக்குறியோடு புள்ளி மைன்கிராஃப்ட் மறுபடி தோன்றியிருக்கும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்று பிழை வந்தால், நடுவில் லாஞ்சர் திறந்துவிட்டது என்று அர்த்தம். ஃபோல்டரைக் காணோமே என்று அது புதிதாக ஒன்றை உருவாக்கி வைத்திருக்கும். லாஞ்சரை மூடி, அந்தப் புது ஃபோல்டருக்குள் சேவ்ஸில் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, அதை அழித்துக் கட்டளையைத் திரும்பக் கொடுங்கள்.

டார்ச் சோதனையை இங்கேயும் செய்யுங்கள். ஜங்ஷனின் ப்ராப்பர்ட்டீஸைப் பார்த்தால் முழு அளவும் சி டிரைவில் இருப்பது போலவே காட்டும். அது டி டிரைவில் இருப்பதைத்தான் எண்ணிச் சொல்கிறது.

வெளி ஹார்ட் டிஸ்க் என்றால்

செய்யலாம். ஆனால் யூஎஸ்பியில் மாட்டும் டிஸ்க்குக்கு இன்று ஈ, நாளை எஃப் என்று எழுத்து மாறினால் லாஞ்சரும் ஜங்ஷனும் இல்லாத இடத்தைத் தேடும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ திறந்து, அந்த டிஸ்க்குக்கு எம் அல்லது அதற்குப் பின்னால் ஓர் எழுத்தைக் கொடுத்துவிடுங்கள். வழக்கமாக அந்த எழுத்துகளுக்குப் போட்டி இருக்காது. விளையாடும்போது வயரைப் பிடுங்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை. பென் டிரைவில் பேக்கப் வைக்கலாம், விளையாட வேண்டாம். சின்னச் சின்னதாக இடைவிடாமல் எழுதும் வேலைக்கு அது ஏற்றதில்லை.

பழையதை எப்போது அழிப்பது?

அவசரம் இல்லை. சில நாள் விளையாடிப் பாருங்கள். எல்லா உலகங்களையும் ஒருமுறையாவது திறந்து பாருங்கள், நெதருக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ஏனென்றால் நெதரின் நிலம் தனி ஃபோல்டரில் இருக்கிறது, மேலே எல்லாம் சரியாக இருந்தாலும் அது மட்டும் விட்டுப்போக வாய்ப்புண்டு. திருப்தியானதும் முதல் வழியில் போனவர்கள் சி டிரைவில் உள்ள சேவ்ஸ், பேக்கப்ஸ், ஸ்கிரீன்ஷாட்ஸ் ஆகியவற்றை மட்டும் அழியுங்கள். மற்றதை லாஞ்சர் இன்னும் பயன்படுத்துகிறது. இரண்டாம் வழியில் போனவர்கள் ‘ஓல்ட்’ என்று பெயர் மாற்றியதை அழிக்கலாம். அம்புக்குறி உள்ளதைத் தொடாதீர்கள்.

அழித்த பிறகும் சி டிரைவ் சிவப்பாகவே இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். எல்லாம் ரீசைக்கிள் பின்னில் கிடக்கிறது, அதுவும் சி டிரைவில்தான் இருக்கிறது. அதைக் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும்.